அத்தியாயம் 3: வலி எந்த நேரத்தில் வருகிறது?

மூட்டு வலி, உடம்பு வலி என்று மாதக்கணக்கில் அலைகிறவர்களின் பையைத் திறந்தால் கிட்டத்தட்ட ஒரே பொருள்கள்தான் இருக்கும். இரண்டு எக்ஸ்ரே, ஓர் எம்.ஆர்.ஐ., யூரிக் ஆசிட், ஏ.எஸ்.ஓ., ஆர்.ஏ. ஃபேக்டர் என்று நீளும் லேப் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஒரு தைல பாட்டில். "வலி காலையில் அதிகமா, சாயங்காலம் அதிகமா?" என்று கேட்டால் மட்டும் பதில் சட்டென்று வராது. "எப்பவும்தான் வலிக்குது" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்தால் பையிலுள்ள சீட்டுகளில் பாதி தேவைப்பட்டிருக்காது. கேள்விக்குக் காசும் கிடையாது.

பரிசோதனை என்பது ஒரு சந்தேகத்தை உறுதிசெய்ய அல்லது விலக்கச் செய்வது. சந்தேகம் எதுவுமில்லாமல் எடுத்தால் அது இல்லாத நோயைக் காட்டிப் பயமுறுத்தும். இருக்கிற நோயை மறைத்து நிம்மதியும் கொடுத்துவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் லேபுக்குக் கடைசியில்தான் போகிறோம். அதற்கு முன்னால் வலியின் நேரம், இடம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட வலி என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். மூட்டு வீங்கியிருந்தால் அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், சில வாரங்களிலேயே காட்டிவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை, சில நாள் தாமதித்தாலும் குருத்தெலும்பு அரித்துப்போகும். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது: இவற்றுக்கும் அன்றைக்கே. சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் விடாமல் இரவில் குடையும் முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய், புற்றுநோய் இரண்டையும் விலக்கிவிட்டுத்தான் மற்ற பேச்சு. வயதானவருக்கு முதுகு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து, இ.எஸ்.ஆர். 100-ஐத் தாண்டியிருந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் நிதானமாகத் தேட நேரம் இருக்கிறது.

காலை வலியும் மாலை வலியும்

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், உடம்பு இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்த வேலையில் வலி கூடிற்று, எதில் குறைந்தது, இரவில் வலி எழுப்பியதா, எழுப்பியது என்றால் எத்தனை மணிக்கு. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை. நேரம்தான் முக்கியம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முழங்காலில் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். வலி வேலையோடு வரும். படி ஏறி இறங்கினால், தரையில் உட்கார்ந்து எழுந்தால், நாள் முழுக்க நின்றால் கூடும், உட்கார்ந்தால் தணியும். காலையில் இறுக்கம் இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ஆக, சாயங்காலம்தான் மோசம்.

இப்போது பூக்கட்டிப் பிழைக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. மிக்ஸி ஜாரைத் திருக முடியாது, குழாயைத் திறக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்து எடுத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் நார் கைக்கு அடங்கும். வேலை செய்யச் செய்யத் தேவலாம். மதியம் படுத்து எழுந்தால் மறுபடி இறுகிவிடும். இது தேய்மானம் இல்லை, மூட்டுக்குள் அழற்சி. முடக்குவாதத்தின் வழக்கமான முகம் இதுதான். விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும், மணிக்கட்டு, கால்விரல்களின் அடி என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பிடிக்கும். நக நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். நுனி மூட்டில் மட்டும் முண்டு முண்டாக இருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். நுனி மூட்டு வீங்கி நகத்தில் குழிகுழியாகவும் இருந்தால் சொரியாசிஸ் தொடர்பான வாதமாக இருக்கலாம். தலையில் செதில் உதிர்வதைப் பொடுகு என்று நினைத்து டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. சொல்லுங்கள்.

முடக்குவாதத்தில் மூட்டு எலும்பு அரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள். "வயசாகுதில்ல, தேய்மானம்தான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கால்சியம் மாத்திரையோடு கழியும் காலம் அந்தக் காலம்தான். பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வீட்டு வேலையால் வரும் வலி என்று அவர்களுடைய வலியைத்தான் நாம் எளிதில் ஒதுக்கிவைக்கிறோம்.

இளைஞர்களுக்கு இதே குழப்பம் முதுகில் வரும். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இடுப்பு வலி என்றால் பைக் ஓட்டுவதால், ஜவ்வு விலகியதால் என்று காரணம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் அவன் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வலியால் விழிக்கிறானா, எழுந்து நடந்தால் குறைகிறதா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்திருந்தால் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிட்டத்தில் ஒரு வாரம் இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம் என்று வலி மாறுகிறதா, எப்போதாவது ஒரு கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனதா என்றும் கேளுங்கள். ஆமென்றால் அது முதுகெலும்பை இறுக்கும் ஸ்பாண்டிலைடிஸாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்ததும் ஸ்பாண்டிலோசிஸ் என்று சொல்லப்படுகிறதே, அது வேறு. இந்தப் பையனுக்கு ஓய்வெடுக்கச் சொல்வது நேர் எதிரான வைத்தியம். ஸ்கேன் எடுப்பதானால் நடு இடுப்போடு நிறுத்தாமல், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் "ஸ்கேன் நார்மல்" என்று அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

வலிப்பது ஓரிடம், காரணம் வேறிடம்

முழங்கால் வலி என்று வருபவருக்கு இடுப்பு மூட்டு கெட்டிருக்கலாம். சம்மணம் போட முடிகிறதா, குனிந்து கால் நகம் வெட்ட முடிகிறதா, தொடை இடுக்கில் வலி உண்டா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, இடுப்பைப் படம் பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டவருக்கும் மது அதிகம் குடிப்பவருக்கும் இடுப்பு மூட்டிலுள்ள தொடையெலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்குவதுண்டு. அங்கேயும் முதல் வலி தொடை இடுக்கில்தான்.

இரவில் கை மரத்து விழித்து, உதறினால் சரியாகிறது, மரப்பு கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. தைராய்டு குறைவிலும் சர்க்கரை நோயிலும் கர்ப்பத்திலும் இது சகஜம். சர்க்கரை நோயாளிக்குத் தோள் இறுகிப்போவது இன்னும் சகஜம்: முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது, தலை வார முடியாது. சர்க்கரை இருப்பதே தெரியாமல் தோளுக்கு மட்டும் மருந்து தடவிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். வணக்கம் சொல்வதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்ட வைத்துப் பாருங்கள். விரல்கள் ஒட்டாமல் நடுவில் சந்து விழுந்தால், சர்க்கரையால் தோலும் தசைநாரும் தடித்திருக்க வாய்ப்பிருக்கிறது.

தசை விஷயத்தில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலிப்பதால் செய்ய முடியவில்லையா, வலுவில்லாமல் செய்ய முடியவில்லையா? தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, பரணில் உள்ள டப்பாவை எடுக்கக் கை உயரவில்லை என்றால் இது இரண்டாவது வகை. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மென்மையாவது, தைராய்டு குறைவு, தசையிலேயே அழற்சி ஆகிய மூன்றும் இங்கே முதலில் நினைக்க வேண்டியவை. வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். வெயில் இருக்கும் நேரம் முழுக்கக் கூரைக்குள் இருந்தால் குறையத்தான் செய்யும்; கறுத்த தோலில் அது உருவாகக் கூடுதல் நேரமும் வேண்டும். ஆனால் வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் பொட்டலத்தை, திரும்பப் போய்க் காட்டாமல் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு என்று போய்விடும்.

மாத்திரை டப்பாவை மேசையில் கொட்டுங்கள்

வலிக்குக் காரணம் வேறொரு நோய்க்கான மாத்திரையாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் தொடங்கிய சில வாரங்களில், மாதங்களில் இரண்டு தொடையிலும் தோளிலும் கெண்டைக்காலிலும் வலி வரலாம். ஆனால் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டவும் வேண்டாம். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்ட மாதங்களிலும் அவர்களுக்குத் தொல்லை ஏறக்குறைய அதே அளவு இருந்தது. மாரடைப்பு வந்தவர் டாக்டரைக் கேட்காமல் இதை நிறுத்துவது ஆபத்து. சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ பார்க்க வழி இருக்கிறது.

சர்க்கரைக்கு இப்போது பலரும் சாப்பிடும் சிடாக்லிப்டின், வில்டாக்லிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்குக் கடும் மூட்டு வலி தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோலிலும் மூட்டு வலி அடிக்கடி வரும். பிரஷருக்கான நீர் பிரியும் மாத்திரையும் காசநோய்க்கான பைரசினமைடும் யூரிக் ஆசிடை ஏற்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயரும் உள்ளடக்கமும் அச்சிடாத பொட்டலப் பொடியை யாரோ கொடுத்து, பல மாத வலி இரண்டே நாளில் பறந்துவிட்டால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தோல் மெலிந்தால் சந்தேகம் உறுதி. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. உடம்பு ஸ்டீராய்டைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஊரும் தண்ணீரும்

வலி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியதா? சிக்குன்குனியா 1960-களில் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பரவிப் பிறகு அடங்கி, 2005-06-இல் தென்னிந்தியாவில் பேரலையாகத் திரும்பியது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருக்கும். காய்ச்சல் வந்த மாதமும், வீட்டில் இன்னும் யாருக்கு வந்தது என்பதும் நோட்டில் இருக்கட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்றால் தண்ணீரைக் கேட்காமல் விடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகும் கிராமங்கள் அங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸை இந்தியாவில் முதன்முதலாக விவரித்ததும் இங்கே பக்கத்தில்தான்: 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். தொடக்கத்தில் வெறும் முதுகு இறுக்கமும் மூட்டு வலியும்தான்; குனிந்து காசு பொறுக்க முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா, அதே ஊரில் மற்றவர்களுக்கும் உண்டா என்று பார்த்து, முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுத்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும். வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வந்துவிட்டவரிடம் "எந்த ஊர் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?" என்று டாக்டர் கேட்காமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாடு வளர்ப்பவர், கன்று ஈன உதவுபவர், பச்சைப் பால் குடிப்பவர் என்றால், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் இடுப்பு வலியும் புரூசெல்லா கிருமியாக இருக்கலாம்.

இனி லேப்

சந்தேகம் ஒரு வடிவத்துக்கு வந்தபின் தேவைப்படும் அடிப்படைப் பரிசோதனைகள் அதிகமில்லை. ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சர்க்கரை, தைராய்டு டி.எஸ்.எச்., கால்சியம், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியாட்டினின், சிறுநீர். மற்றவை எல்லாம் சந்தேகத்தைப் பொறுத்து.

தவறாகப் படிக்கப்படுபவைதான் இங்கே நிறைய. ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருந்தால் தொண்டையில் எப்போதோ ஒரு கிருமி வந்துபோனது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் கிருமியால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் முக்கியமாக ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நோய். நாற்பது வயதுக்காரருக்கு மூட்டு வலிக்காக ஏ.எஸ்.ஓ. பார்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவது நம் ஊரில் நெடுநாள் நடக்கும் வீண் வேலை. ஆர்.ஏ. ஃபேக்டர் நோயில்லாத சிலருக்கும் பாசிட்டிவ் வரும், முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நெகட்டிவ் வரும், ஆன்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது. ஏ.என்.ஏ. ஆரோக்கியமானவர்களிலேயே 1:40 அளவில் 100-க்கு 30 பேருக்கு வரும். முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், கொத்தாக முடி கொட்டுதல், சிறுநீரில் புரதம் போன்ற எதுவும் இல்லாமல் அந்த ஒரு சீட்டை வைத்து லூபஸ் என்று நடுங்க வேண்டாம்.

யூரிக் ஆசிடும் அப்படித்தான். கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் என்ற மூட்டு நோய் வருவதே இல்லை. மாறாக, கால் பெருவிரல் நெருப்பாக எரியும் அந்த நாளில் எடுத்தால் அளவு சரியாகவே இருக்கலாம், இரண்டு வாரம் கழித்து எடுக்க வேண்டும். முதுகு எம்.ஆர்.ஐ.யைப் பற்றி ஒன்று: முதுகு வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது, எண்பது வயதில் 96 சதவீதம். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

எல்லாம் நார்மல் என்றால்

உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, ஞாபகம் தடுமாறுகிறது, பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. இவர்களைத்தான் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுகிறோம். அது சரியில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்ற நிலையில் மூட்டிலும் தசையிலும் சேதம் இல்லை. வலியைக் கூட்டிக் குறைக்கும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டிருக்கிறது. வலி உண்மையானது. வலி மாத்திரைகள் இதில் பெரிதாகக் கேட்காது என்பதே ஒரு துப்பு. சிறிது சிறிதாகக் கூட்டும் நடைப்பயிற்சி, தூக்கத்தைச் சீராக்குவது, சிலருக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் போன்ற மருந்துகள் என்றுதான் போக வேண்டும். முடக்குவாதம் உள்ளவருக்கே இதுவும் சேர்ந்து வரலாம் என்பதால், ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

யாரிடம் போவது? தேய்மானம், அடிபட்டது, இடுப்பு மூட்டு என்றால் எலும்பு மருத்துவர். காலை இறுக்கம், வீக்கம், பல மூட்டு என்றால் ருமட்டாலஜி படித்தவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இதற்குத் துறை இருக்கிறது. போகும்போது நோட்டு, மாத்திரைகள் எல்லாம், பழைய சீட்டுகள் தேதி வரிசையில். வீக்கம் வந்த நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள், ஓ.பி.க்குப் போகும் நாளில் அது வற்றியிருக்கும். முதல் நாளே பெயர் சொல்ல முடியாத நோய்கள் இவற்றில் பல. சில மாதம் போனால்தான் உருவம் தெரியும். "இப்போதைக்கு ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை மாற்ற வேண்டாம். அந்த மூன்று மாதமும் மாதத்துக்கு ஒரு வாரம் நோட்டை எழுதி, அவரிடமே திரும்பிப் போங்கள்.